கடைசி வரியை நான் ஒப்புக்கொள்ளவில்லை

மாமா,

இன்று காலை எங்கள் பள்ளி மைதானம் முழுக்க ஈரக் கயிற்றின் நாற்றம். வாசனை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் தீயணைப்பு வீரர்கள் வந்து பிள்ளைகளுக்குச் செயல்விளக்கம் காட்டுவார்கள் அல்லவா, அதற்காக வந்திருந்தார்கள். ஒரு சிவப்பு வண்டி, நாலைந்து பேர், சுருள் சுருளாகக் கயிறு. நனைந்து கிடந்த கயிற்றை வெயிலில் விரித்ததும் அந்த நாற்றம் எழும்பி முதல் மாடி வரை வந்துவிட்டது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, என்றோ வெள்ளத்தில் குடித்த வாய்க்கால் தண்ணீர் நினைவுக்கு வந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு, பிள்ளைகளை வரிசையாகக் கீழே கூட்டிக்கொண்டு போனேன்.

வந்தவர்களுக்குத் தலைவராக இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தண்ணீரில் தத்தளிக்கிறவர் நம் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில், "எங்க ஸ்டேஷன்ல இருந்த ஒரு கவிஞர் எழுதுனது" என்று சொல்லி உங்கள் கவிதையின் கடைசி வரியை எடுத்துவிட்டார். 'நான் மூழ்கினேன், அவள் விட்டாள், இருவரும் பிழைத்தோம்.' பிள்ளைகள் கை தட்டினார்கள். செத்த பிறகும் விடமாட்டீர்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்கள் மேல் எனக்கு இருப்பது கோபம். நன்றி இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அது அம்மாவிடம் நிறைய இருக்கிறது, ஒரு வீட்டுக்கு அது போதும்.

அந்த வருஷம் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. நான் சிதம்பரத்தில் பி.எட். வகுப்பு முடித்துவிட்டு குமராட்சி மினிபஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாத வெள்ளத்தில் வண்டி சரிந்தது. மற்றவர்கள் எப்படியோ வண்டியின் மேல் ஏறிவிட்டார்கள். என்னைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் ஒரு கருவேல மரத்தில் மாட்டியது. நீங்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்தி வந்தீர்கள். எட்டும் தூரத்துக்கு வந்ததும் மரத்தை விட்டுவிட்டு உங்கள் கழுத்தைப் பிடித்தேன்.

"கழுத்த வுடும்மா, நான் உன்னப் புடிச்சிக்கிறேன்" என்றீர்கள்.

நான் விடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு உலகத்தில் உங்கள் கழுத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. நீங்கள் மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போனீர்கள். அது உங்கள் தொழிலில் ஒரு வித்தை என்று பிற்பாடுதான் தெரிந்தது. தத்தளிக்கிறவர் மேலே வரத்தான் பார்ப்பார். பிடிபட்டவர் கீழே போனால் பிடித்தவர் தானாகக் கையை எடுத்துவிடுவார். பிறகு பின்பக்கமாக வந்து தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுக்கலாம். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. என்னைக் கொல்கிறீர்கள் என்றே நினைத்தேன். அப்படியும் விடாமல் உங்களோடு கீழே வந்தேன். அந்தக் கலங்கல் தண்ணீரில் நீங்கள் என் வலது கைச் சுண்டு விரலைத் தடவிக் கண்டுபிடித்து, பின்பக்கமாக மடக்கினீர்கள். எலும்பு முறிந்தது எனக்குத் தெரிந்தது. கரையில் என்னைக் கிடத்தியபோது உங்கள் கழுத்து முழுக்க என் நகம் கிழித்த ரத்தம்.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தண்ணீர் வடிந்ததும் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். "எனக்கு அண்ணந்தம்பி யாரும் இல்ல. உசுர மீட்டுக் குடுத்த நீதாம்ப்பா இனிமே இந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன்" என்று எல்லோர் முன்னாலும் தட்டை நீட்டினாள். நீங்களும் சளைக்காமல், "தாய்மாமன்னா நான் சொன்ன பேச்ச கேக்கணுமே. இந்தப் பொண்ணு தண்ணியிலயே கேக்கலியே அக்கா" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு மாமா.

அதற்குப் பிறகு லீவு நாட்களில் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். கிணற்றுக் கயிற்றால் உங்களை நாற்காலியோடு சேர்த்துக் கட்டச் சொல்வீர்கள். தெருவே திரண்டு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கட்டும். கொஞ்ச நேரத்தில் கயிறு தரையில் கிடக்கும், நீங்கள் டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். கட்டும்போது நெஞ்சை விரித்து வைத்துக்கொண்டு, பிறகு மூச்சை விட்டுத் தளர்த்துவீர்கள் என்று ரகசியத்தை எனக்கு மட்டும் சொன்னீர்கள். "எந்த முடிச்சுலயும் ஒரு மூச்சுக்கு எடம் இருக்கும். அந்த எடத்துலதான் எனக்குக் கவித வருது" என்பீர்கள். அந்த நாட்களில் உங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கோபத்துக்கு அர்த்தம் இல்லை.

பிறகு சிதம்பரத்தில் அந்தக் கவியரங்கம். அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். எங்களை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடையேறினீர்கள். வெள்ளத்தில் உங்கள் கழுத்தில் ஒரு மாலை வந்து விழுந்ததாம். மாலையா? அந்தக் கழுத்துக்கு எத்தனை நாள் மருந்து போட்டுக்கொண்டு திரிந்தீர்கள்! அப்புறம் அந்தக் கடைசி வரி. மண்டபம் ஆஹா என்றது. அதோடு விட்டீர்களா? "அந்தப் பொண்ணு இதோ முன்னாலயே உக்காந்திருக்கு" என்று கையை வேறு நீட்டினீர்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

காடாம்புலியூரிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கவியரங்கச் செய்தி அங்கே எப்படியோ போய்ச் சேர்ந்தது. "பொண்ணு தண்ணியிலயே மாலைய போட்டு முடிச்சிட்டா போலிருக்கே" என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சம்பந்தம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அம்மா அழுததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அப்போதும் அவள் உங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் வாசலில் கயிறு காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"மாலைய எடுத்துடறேன்மா. அது தப்புதான்" என்றீர்கள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"கடைசி வரி?"

"அது நடந்ததுதானே?"

"நடக்கல. நான் வுடல. நீங்கதான் வெரல ஒடச்சீங்க." வளைந்து போயிருந்த சுண்டு விரலை உங்கள் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"வெரல ஒடச்சேன்னு எழுதுனா எவன் கை தட்டுவான்?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கயிற்றை எடுத்துக்கொண்டீர்கள்.

ஒரு வரிக்காக இவ்வளவு ஆங்காரமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். சாகப்போகிற நேரத்தில் என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். பிழைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம். எந்தப் படிப்பும் யார் சொல்லும் அதை எனக்குக் கொடுக்கவில்லை, அது என்னுடையது. நீங்கள் அதைக் கொண்டுபோய், நான் சமர்த்தாக விட்டுக்கொடுத்ததாக மாற்றி எழுதி, பொன்னாடை வாங்கிக்கொண்டீர்கள். பெண்பிள்ளை விட்டுக்கொடுத்தால்தான் உங்களுக்கெல்லாம் கவிதை வருகிறது.

அடுத்த வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நீங்கள் படிக்கப்போவதாகச் சுவரொட்டியில் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். மாலையை எடுத்திருந்தீர்கள், வாக்குத் தவறவில்லை. கடைசி வரி அப்படியே இருந்தது. அதை நீங்கள் இரண்டாம் முறை நிறுத்திப் படிக்கும்போது நான் மேடையில் இருந்தேன். உங்கள் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"இப்ப தப்பிச்சி வாங்க, பாக்கலாம்" என்றேன்.

நீங்கள் மிரண்டுபோனீர்கள். பழக்க தோஷம், முழங்கால் மடங்கி நேராகக் கீழே உட்கார்ந்தீர்கள். தண்ணீரே இல்லாத மேடையில் மூழ்கப் பார்த்த ஆள் நீங்கள் ஒருவர்தான். நானும் கூடவே உட்கார்ந்தேன்.

"வுடும்மா, சட்ட கிழியுது."

"வரிய மாத்துங்க."

"எல்லாரும் பாக்கறாங்க."

"மாத்துங்க."

காலர் கிழிந்து என் கையோடு வந்தது. நான் விடவில்லை மாமா, சட்டைதான் விட்டது. கூட்டம் இதையெல்லாம் நாடகம் என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டியது. அதைவிடக் கொடுமை, நீங்களும் எழுந்து கூட்டத்துக்கு வணக்கம் வைத்தீர்கள். என்னையும் வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினீர்கள். அதற்குப் பிறகு உங்களோடு நான் பேசவே இல்லை.

ஒரு நாள் டூட்டி முடிந்து பைக்கை எடுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எந்த முடிச்சிலும் ஒரு மூச்சுக்கு இடம் இருக்கும் என்று சொன்ன ஆள்! அம்மா கோடித் துணி எடுத்துக்கொண்டு, கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்தது மாதிரி தெருவில் அலறிக்கொண்டு வந்தாள். நான் வந்து உங்கள் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடது காதுக்குக் கீழே என் நகத்தின் தழும்பு அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. சண்டையின் நடுவில் நழுவிவிட்டீர்களே என்று ஆத்திரம்தான் வந்தது.

இன்று காலைக்கு வருகிறேன். பிள்ளைகளின் கைதட்டல் அடங்கியதும் அந்தத் தலைவர், "இது கவிதைக்குச் சரி பசங்களா" என்றார். "ஆனா எழுதுன அண்ணன் எங்களுக்கு டிரெய்னிங்ல வேற சொல்லிக் குடுத்தாரு. கீழ போனா எல்லாரும் வுட்ருவாங்கன்னு நம்பாதீங்கடா. பொழைக்கணும்னு வைராக்கியம் உள்ளவங்க உங்க கூடவே கீழ வருவாங்க. குமராட்சி பக்கம் ஒரு பொண்ணு அப்படி வந்துச்சு, கடைசி வரைக்கும் வுடவே இல்ல, அந்த மாதிரி வைராக்கியத்த நான் பாத்ததே இல்லன்னு சொல்லுவாரு. அப்படிப்பட்டவங்களுக்குச் சுண்டு வெரலு ஒண்ணுதான் வழி."

ஆக, உங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தண்ணீரில் இறங்கப்போகிறவர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள். கை தட்ட வந்தவர்களிடம் மற்றதைச் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. நான் கேட்டது அதைத்தானே? பாவி மனுஷா, இப்போது மறுபடியும் கீழே போய்விட்டீர்கள். உங்கள் வித்தைப்படி நான் இந்நேரம் கையை எடுத்திருக்க வேண்டும்.

"யாராவது ஒரு சார் முன்னால வாங்க, செஞ்சி காட்டறோம்" என்று அவர் கூப்பிட்டார். பி.டி. சார் எழுந்தார். அவரை முந்திக்கொண்டு நான் போனேன். பெண் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். தலைமையாசிரியர் முகம் போன போக்கைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாலை போட்டவள் என்று ஊரே பேசி முடித்தவளுக்கு இனிமேல் என்ன? அந்தத் தீயணைப்புத் தலைவரின் சீருடைக் காலரை இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே முழங்காலை மடக்கிக் கீழே போனார். நானும் போனேன்.

"வுடணும் மேடம்" என்றார் மெதுவாக. நான் விடவில்லை.

சொல்லிக்கொடுத்தபடியே என் வலது கையில் சுண்டு விரலைத் தேடினார். விரல் கிடைத்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வளைவைத் தடவிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"மேடம், நீங்க குமராட்சியா?"

ஆமாம் என்றேன். கையை எடுக்கவில்லை.