டிகாஷனில் நனைந்த ஆசியா

ஜூலை 3, வியாழன்

மஹதி, பழைய வரைபடங்களைப் பிரிண்ட் போட்டு விற்கும் என் கடைக்கு வந்து, அவள் அப்பா சுப்பராமன் அங்கிளின் வரைபடத்தைச் சட்டத்தோடு மேஜைமேல் வைத்தாள். இருநூற்றெண்பது வருஷத்துக்கு முந்தைய ஆசியா. மயிலாப்பூர்கூட இருக்கிறது, ‘மெலியாபூர்’ என்று. அங்கிள் அதை யாரையும் தொட விடமாட்டார். இப்போது புனேயில், மகன் வீட்டில் இருக்கிறார்.

“ஸ்கேன் பண்ணிக்கோ, நன்னா விக்கும். பன்னெண்டாம் தேதி வந்துடுவார். அதுக்குள்ள செவுத்துல இருக்கணும்டி, தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார்.”

நான் கேட்கவேயில்லை. தானாகக் கொண்டுவந்து கொடுக்கிறாள். இருபது வருஷ சிநேகிதம்.

ஜூலை 5, சனி

யா அல்லா, என்ன காரியம் செய்துவிட்டேன்.

எங்கள் பிரிண்டுகள் ஹாலில் மாட்டினால் பழசாகத் தெரிய வேண்டும். அதற்காகக் கையால் செய்த காகிதத்தில் அச்சடித்து, ஆறின டீ டிகாஷனில் முக்கி எடுப்பேன். முதல் பிரிண்ட் அருமையாக வந்திருந்தது. கறை, மடிப்பு, பூச்சி அரித்த ஓட்டை, எல்லாம் அப்படியே. அசலும் அதுவும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. போனில் கஸ்டமரோடு பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து டிகாஷன் தட்டில் போட்டேன். தாளை அமுக்கும்போது சுண்டுவிரல் நுனி ஓட்டைக்குள் போனது. பிரிண்டில் ஓட்டையின் படம்தானே இருக்கும்?

வெளியே எடுப்பதற்குள் பச்சை கரைந்து பாரசீகத்திலிருந்து சீனா வரை ஓடிவிட்டது. கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு? தொட்டாலே தெரியாதா? பதினாறு வருஷமா இதைத்தானே பண்றே நாஸியா?

ஜூலை 6

மஹதி இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அடையாறில் பழைய காகிதங்களைச் செப்பனிடும் ஓர் அம்மா இருக்கிறார். விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “கறைய கொஞ்சம் எடுக்கலாம்மா. கரைஞ்ச கலர் போனது போனதுதான்.” ஆட்டோவில் வழியெல்லாம் அழுதேன்.

ஜூலை 10

பிரிண்டை முக்கிக் காயவைத்து, பழைய சட்டத்தில் போட்டு, அசல் என்று கொடுத்துவிட்டேன். மஹதி கட்டிக்கொண்டாள். “தேங்க்ஸ்டி, சொன்ன தேதிக்கு முன்னாடியே குடுத்துட்டே.” கெட்டுப்போன அசலை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

அங்கிள் ஊரிலிருந்து வந்துவிட்டார். காலைக் காபியை எப்போதும் அதன் முன்னால் நின்றுதான் குடிப்பாராம். இன்றும் நின்றாராம். மஹதி போனில் ஒரே சிரிப்பு. “கழட்டினதையே கண்டுபிடிக்கலைடி!” இதற்கு அவர் கண்டுபிடித்தே தொலைத்திருக்கலாம்.

ஜூலை 15

சொல்லிவிட்டேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கெட்டுப்போன அசலை மஹதியின் மடியில் விரித்தேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

“அப்போ அப்பா டெய்லி பார்த்துண்டு நிக்கறது உன்னோட பிரிண்டா?”

அவ்வளவுதான். சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 18

போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். எப்படி எடுப்பாள்? எதுக்கு எடுக்கணும்?

ஜூலை 21, திங்கள்

பொறுக்க முடியாமல் வீட்டுக்கே போனேன். அங்கிள்தான் கதவைத் திறந்தார். ஹால் சுவரில் பச்சை ஓடிய அசல் தொங்குகிறது.

“பார்த்தியாம்மா உன் சிநேகிதி பண்ணின காரியத்தை? ஒட்டடை அடிக்கறேன்னு கழட்டி, அதுமேல காபியைக் கொட்டிட்டாளாம். என்னை ஏமாத்த உங்கிட்ட பிரிண்ட் வாங்கி மாட்டியிருக்கா. அஞ்சு நாளா நான் அவளோட பேசறதில்லை.”

மஹதி சமையலறை வாசலில் நின்று, வேண்டாம் என்று எனக்குத் தலையாட்டினாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“அவ இல்ல அங்கிள், நான். என் கடையில டிகாஷன்ல போட்டது நான். மறைச்சதும் நான். நான் சொல்ற வரைக்கும் அவளுக்கே தெரியாது.”

 அவர் மஹதி பக்கம் திரும்பி, “சாப்டியாடி?” என்று கேட்டார்.

என் பக்கம் திரும்பவேயில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படி வரை மஹதி அழுவது கேட்டது.