நாலு மணி ஆப்பிள்

மார்ச் 4

அண்ணி இன்று வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்கள். குளிர்கிடங்கில் பழப்பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் அது. பதினொரு வருஷமாக ஓட்டுகிறார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா; எங்களோடுதான் இருக்கிறார்கள். நான் அதே கிடங்கில் பெல்ட்டில் ஆப்பிள் தரம் பிரிக்கிறவள், நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன்.

கண் இருட்டியதாம். ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஓட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? நேரே சூப்பர்வைசரிடம் போய், "எனக்குக் கண்ணு இருட்டுது. இன்னைக்கு நான் ஓட்டக் கூடாது" என்று சொன்னார்கள். வேலைக்கே வேட்டு வைக்கும் பேச்சு என்று தெரிந்தே. நானாயிருந்தால் சொல்லியிருப்பேனா?

மார்ச் 6

சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 9.2. ஜூன் பரிசோதனையில் ஏழரைக்குக் கீழே வந்தால் வண்டி, இல்லையென்றால் இல்லை. அதுவரை பெல்ட்டில், என் பக்கத்தில்.

மார்ச் 9

கம்பெனி நர்ஸைப் பார்க்க நானும் கூடப் போனேன். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார். "அஞ்சு. ரெண்டு கரண்டி சர்க்கரை. நாலு மணிக்கு ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்." அண்ணி ஒளிக்கவில்லை. நான்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிஸ்கட்டுக்குப் பதில் ஆப்பிள் என்றார் நர்ஸ். புளித்த ஆப்பிள் தின்றால் அண்ணிக்கு நெஞ்சு எரியும். எங்கள் கிடங்கில் மஞ்சளில் சிவப்புக் கோடு ஓடும் ஒரு ரகம் உண்டு. புளிப்பே தெரியாது, தேன் மாதிரி. "அவ்ளோ இனிக்குதே, சாப்பிடலாமா?" என்று கேட்டார்கள் அண்ணி.

"தாராளமா. தோலோட கடிச்சுச் சாப்பிடுங்க. அதுல நார்ச்சத்து இருக்கு, சர்க்கரை ரத்தத்துல மெதுவாத்தான் ஏறும். ஆனா நடுத்தர சைஸ்ல ஒண்ணு, அவ்ளோதான். மாத்திரையையும் நிறுத்தக் கூடாது."

மார்ச் 20

பதினோரு நாள். ஒரு பிஸ்கட்கூட இல்லை. எனக்குத்தான் வாய் ஊறுகிறது.

ஏப்ரல் 2

சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஜூன்ல அவங்க தேறலைன்னா அந்த சீட்ல நீங்க உக்காருங்க. இப்பவே பழகிக்குங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆசை இருந்தது. அதுதான் கூச்சமாக இருக்கிறது. அண்ணியிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 5

என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதானே, அண்ணிக்கு ஏதாவது செய்யலாம் என்று அதே ரகத்தில் நாலு ஆப்பிளை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, பெரிய டம்ளரில் கொடுத்தேன். சர்க்கரை போடவே இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் 268. போனில் நர்ஸ் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். நாலு பழத்துச் சர்க்கரையை ஒரே மூச்சில் குடிக்க வைத்து, தடுக்கிற நாரைக் குப்பையில் போட்டிருக்கிறேனாம்.

அண்ணி போனை வாங்கி, "நான்தான் கேட்டேன்மா, அவளைத் திட்டாதீங்க" என்றார்கள்.

சீட் விஷயம் நாளைக்குத் தெரிந்தால்? வேணும்னே பண்ணேன்னு நினைச்சிருவாங்களோ? எதுக்கு வாயை மூடிட்டு இருந்தேன்?

ஏப்ரல் 6

சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. சீட் விஷயம், என் ஆசை, பயம், எல்லாம்.

"ஏன், அந்த வண்டி எங்க அப்பா வீட்டுச் சொத்தா?" என்றார்கள். "நாளையிலேர்ந்து மத்தியானம் நானே சொல்லித் தர்றேன். ஆனா ஜூன்ல நான் ஜெயிக்கத்தான் போறேன். அப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு மனுஷி.

மே 11

நாலு மணிக்கு அண்ணி ஆப்பிள் தின்பதே ஒரு காட்சி. வெட்டுவதில்லை. கடித்து, மென்று, இருபது நிமிஷம். "பசு அசை போடற மாதிரி இருக்கேன்ல?" என்று அவர்களே சிரிக்கிறார்கள். ஆனால் அதற்கப்புறம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பசி எடுப்பதில்லையாம். மலச்சிக்கல் போயிற்று, நெஞ்செரிச்சல் பேச்சையே காணோம். தண்ணீரும் நாருமாக இருப்பதால் வயிறு நிறைகிறது, ரத்தத்தில் கொழுப்பு குறையவும் நல்லது என்கிறார் நர்ஸ். பழம் மட்டும் செய்த வேலை இல்லை இது: மாத்திரை, சர்க்கரை இல்லாத டீ, பஸ்ஸுக்கு முன் ஒரு ஸ்டாப் நடை. எல்லாம் உண்மை. இருந்தாலும், பிஸ்கட் பாக்கெட்டுக்கு நீண்ட கை ஆப்பிளுக்கு மாறியதிலிருந்துதானே மற்றதெல்லாம் தொடங்கியது?

நான் இன்று பின்பக்கமாக வண்டியை எடுத்துத் தூணில் இடிக்கப் பார்த்தேன். "கண்ணாடியை நம்பாத. கழுத்து எதுக்கு இருக்கு, திருப்பு" என்றார்கள்.

ஜூன் 10

7.1.

அண்ணி காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து, நேரே வண்டிப் பக்கம் போனார்கள். சீட்டை முன்னால் இழுத்துச் சரி பண்ணி, ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தார்கள். நான் மட்டும்தான் பார்த்தேன்.

என் மூஞ்சி தொங்கவில்லை. சத்தியமாக.

ஜூன் 24

புதுக் குளிர் அறை திறந்தாயிற்று. அதற்கும் ஒரு வண்டி வந்திருக்கிறது. யாரைப் போடலாம் என்று சூப்பர்வைசர் அண்ணியைக் கேட்டாராம். என்ன சொன்னார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

இன்று அந்தப் புது வண்டியில் நாற்பத்திரண்டு மரத்தட்டு நிறையப் பெட்டி ஏற்றினேன். ஒன்றும் சரியவில்லை. கழுத்துதான் வலிக்கிறது.