குச்சி மிட்டாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அண்ணா,

நம் காமிக்ஸ் வான்காவலன் மறுபடி அச்சுக்குப் போகிறான். கெட்டி அட்டை, வழுவழுப்பான தாள். நீ குறை சொல்லிக் கடிதம் போட்டாயே, அதே 'காவலனின் கடைசி இரவு'. கடைசிப் பக்கங்களில் அந்நாளைய வாசகர் கடிதங்களையும் சேர்க்கிறார்கள். இதைச் சொன்னவர் பதிப்பக மேலாளர், முந்தாநாள், தொலைபேசியில். நகரி ரத்தினம் எழுதிய கடிதமும் உண்டா என்று கேட்டேன். "அது இல்லாமலா மேடம்? ஆசிரியர் குடுத்த பதில்தானே அதுல ஹைலைட்டே" என்று சிரித்தார்.

நான் யாரென்று அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு.

மற்றபடி இங்கே நலம். திருப்பதியில் அதே பத்திரிகை அலுவலகம், அதே நாற்காலி. நகரியில் நம் தறிக்கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்புகிறது. தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். உன்னோடு தறி ஓட்டிய கோவிந்தன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

உனக்குத் தெரிந்ததையே இனி கொஞ்சம் சொல்கிறேன். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்குத் தெரியாது.

கரண்ட் போனால் கொட்டகையில் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கும். அந்த அமைதியில் யாராவது "ரத்னம், எட்றா புக்க" என்பார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் பாதிப் பேர் படித்தது தெலுங்குப் பள்ளியில். தமிழ் எழுத்து அவர்களுக்கு வராது. நீ படத்தைக் காட்டிக் காட்டிப் படிப்பாய். நடுநடுவே வில்லனைத் தெலுங்கில் பேச விடுவாய். கரண்ட் வந்த பிறகும் அந்தப் பக்கம் முடியாமல் யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள். ஓரத்தில் ஊடை நூலுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த நானும்தான்.

பிறகு அந்த இதழ் வந்தது. பெரியவர்களுக்கான கதை, காமிக்ஸ் வயதுக்கு வந்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. கதையில் ஒரு மில் பற்றி எரிகிறது. கதவு வெளியே பூட்டியிருக்கிறது. வான்காவலன் எதிர்க் கூரையில் குடித்துவிட்டு நிற்கிறான். இந்த மனிதர்களைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்டுக்கொண்டே கடைசிவரை பார்க்கிறான்.

நம் கொட்டகைக்கும் ஒரே கதவு. ராத்திரி ஷிஃப்ட்டில் முதலாளி வெளியே பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அன்று நீ பக்கத்தைத் திருப்பினாய். கொஞ்சம் நிறுத்தினாய். பிறகு, காவலன் குதித்து வந்து பின்சுவரை உடைத்து எல்லாரையும் வெளியே இழுத்துப் போட்டான் என்று படித்தாய். தமிழ் படிக்கத் தெரிந்த கோவிந்தன் புத்தகத்தைப் பிடுங்கினான்.

"இன்னாடா ரத்னம், இதுல எல்லாம் எரிஞ்சிகினு கீது. நீ ஒடச்சிட்டான்ற?"

"அவன் ஒடைக்கல. நான் ஒடச்சேன். இன்னா இப்போ?"

வீட்டுக்கு நடக்கும்போது நீ சொன்னதும் நினைவிருக்கிறது. "இருட்டு இன்னா நமக்குத் தெரியாததா லோகா? ஆள் சாவறதும் தெரியாததா? சாவட்டும், கதைதானே. ஆனா அவன் பாத்துக்கினு நிக்கறான் பாரு. அதுக்கு இன்னாத்துக்குடி அந்தக் கவசம்?"

அதைத்தான் மரியாதையாக ஒரு தபால் கார்டில் எழுதினாய். அவர்கள் அதில் இரண்டு வரி போட்டார்கள்: 'வான்காவலனும் வராவிட்டால் எங்களுக்கு வேறு யார் வருவார்கள் ஐயா? இங்கே எல்லாருக்கும் ஏமாற்றம்.' கீழே ஆசிரியரின் பதில்: 'வயது ஏறியும் பால்பல் விழாத நகரி ரத்தினத்துக்கு ஒரு குச்சி மிட்டாய் பார்சல்!'

அதோடு உன் பெயர் போயிற்று. டீக்கடையில் "மிட்டாய்க்கு ஒரு டீ" என்றார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் அடுத்த மாதம் புத்தகம் வாங்கவில்லை. கரண்ட் போனால் எழுந்து வெளியே போனாய். கொட்டகை மூடி, பெங்களூர் கார்மெண்ட்ஸில் இஸ்திரி போடப் போனபோதும் அந்தப் பெயர் உன்னோடு பஸ் ஏறியது. போன மாசியில் உன்னை அங்கிருந்து கொண்டுவந்தோம். பஸ் நிலையச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்: 'மிட்டாய்' ரத்தினம். ஒட்டியவர்கள் பாசத்தோடுதான் ஒட்டினார்கள். நான் அதன் முன்னால் நின்று முழுதாகப் படித்தேன். அந்த ஆசிரியரை ஒருநாள் நேரில் பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நேற்று பார்த்தேன். குடும்பத்தோடு தரிசனத்துக்கு வந்திருக்கிறார் என்று அந்த மேலாளரே சொல்லியிருந்தார். லாட்ஜ் அறையில் புது மொட்டை, தலையில் சந்தனம். பேட்டி என்றதும் மகிழ்ந்தார். அனுமதி கேட்டு டேப் ரெக்கார்டரை மேசையில் வைத்தேன்.

"குழந்தைத்தனத்துலேர்ந்து காமிக்ஸை மீட்டது அந்தக் கதைதாம்மா. அதுல சமரசமே கிடையாது" என்றார்.

லட்டைப் பிட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்தாள். "ஆனா நம்ம பாப்பாவுக்கு மாத்தித்தானே மாமா சொன்னீங்க? காவலன் செவுத்த ஒடச்சு எல்லாரையும் வெளிய கொண்டாந்துடுவான்னு?"

அண்ணா, நீ உடைத்த அதே சுவர்.

"ஏன் சார் மாத்தினீங்க?"

"உள்ள இருக்கறவங்க என்ன ஆனாங்க, என்ன ஆனாங்கன்னு கொழந்த விடவே இல்ல. என்னத்தச் சொல்றது?"

"நான் நகரி ரத்தினத்தோட தங்கச்சி சார்."

அவர் யோசித்தார். "மிட்டாய்..." என்றார். உன் பெயர் அவருக்கு நினைவில்லை. அந்தச் சொல் மட்டும் இருந்தது.

"அது தமாஷுக்கும்மா. அப்போ எல்லாருக்கும் அப்படித்தான் பதில் போடுவோம்." பிறகு டேப்பைப் பார்த்தார். "பாப்பா விஷயத்த மட்டும் எழுதிடாதீங்க."

"ஏன் சார்?"

"சிரிப்பாங்கம்மா."

வரும் வழியில் வாங்கிய குச்சி மிட்டாயைப் பையிலிருந்து எடுத்து டேப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மருமகள் "பாப்பாவுக்கா?" என்றாள். "இல்லம்மா, சாருக்கு" என்றேன். அவர் அதைத் தொடவில்லை. டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

வயதானவர், பாவம் என்று தோன்றவில்லையா என்று கேட்பாய். தோன்றவில்லை. உன் கார்டைப் படித்தபோது அவருக்கு என்ன தோன்றியது? "வுடு லோகா, கதைதானே" என்பாயா? நீ விட்டாய். அதனால் போஸ்டரில் என்ன போட்டார்கள் என்று பார்த்தாய்தானே?

பேட்டி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அவர் சொன்ன ஒரு சொல்லும் குறையாது, நான் சேர்த்தது ஒன்றும் இருக்காது. அவர்கள் உன் கார்டை வெட்டியதுபோல் நான் வெட்ட மாட்டேன். 'சிரிப்பாங்கம்மா' என்பதுதான் தலைப்பு. அந்தப் பேட்டியை வைத்துப் பேரம் பேசவும் இல்லை. புத்தகத்தில் உன் இரண்டு வரி இருக்கட்டும், கீழே உள்ள பதில் வரக்கூடாது என்று பதிப்பகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கங்கள் மாதக் கடைசியில்தான் அச்சேறும், அதற்குள் முடிவு சொல்கிறோம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை.

அவர்கள் எதைச் செய்தாலும், என் கையில் இருப்பதை நான் செய்வேன். வரும் மாசியில் உன் முதல் தெவசம். போஸ்டருக்கு இப்போதே சொல்லிவிட்டேன். அதே பஸ் நிலையச் சுவர், போன முறையைவிடப் பெரிய எழுத்து: சுவரை உடைத்த ரத்தினம்.

உன் கூடப்பிறந்தவள்,
லோகா
திருப்பதி