நான் செய்யாத தப்புகள்

பிப்ரவரி 7, வெள்ளி

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மா வைத்த காபி ஆறி ஆடை படிந்துபோனது.

இந்த மாதம் முதல் கம்பெனியில் புதுச் சட்டம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அனுப்ப வேண்டும். எதைச் சோதித்தாய், எங்கே தவறினாய், என்ன கற்றாய்? சுயபரிசீலனைக் கட்டுரையாம். மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்க என்னை எடுத்தார்கள். என்னிடம் தப்பு கண்டுபிடிக்கவும் நானேதான் ஆள். மே மாதம் பயிற்சி முடியும்போது இதையும் பார்த்துத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்களாம்.

இந்த வாரம் நான் தவறவில்லை. அதுதான் பிரச்சினை. தொழிற்சாலைகளுக்கான வருகைப்பதிவு ஆப். நைட் ஷிப்டுக்கு ராத்திரி உள்ளே போய்க் காலையில் வெளியே வருகிறவனுக்கு இரண்டு நாளும் ஆப்சென்ட் போட்டது. நடுவில் தேதி மாறுவதை அதற்குச் சமாளிக்கத் தெரியவில்லை. எடுத்த எடுப்பிலேயே பிடித்துவிட்டேன். அப்பா நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் பார்க்கிற வீட்டில் வளர்ந்த எவளும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். நைட் ஷிப்ட், அது ஆரம்பித்த நாளின் கணக்கில்தான் சேரும் என்பது இந்த டவுன்ஷிப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதை அப்படியே எழுதினேன். பாண்டிச்சேரி ஆபீசிலிருந்து டீம் லீட் பிரவீன்குமார் கூப்பிட்டார். "இது ரிப்போர்ட் மாதிரி இருக்குங்க காயத்ரி. உங்க தவறு எங்க?"

தவறு இல்லை சார் என்றால் பெருமையடிக்கிறேனாம்.

என்னோடு சேர்ந்த மணிமொழிக்கு போன் போட்டேன். அவளும் மேல்பட்டாம்பாக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்பவள். "எதனா ஒரு தப்பப் போட்டு வுடு. நானும் அப்பிடித்தான எழுதிகினு இருக்கறேன்" என்று சிரிக்கிறாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுதிவிட்டேன். எழுதியது நானா?

ஏஐ உதவி வாங்கலாம், மொழிக்கு மட்டும், அனுபவம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனிடம் நடந்ததை எல்லாம் தமிழில் கொட்டினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: நைட் ஷிப்ட் சோதனையை முதலில் ஓட்டாமலேயே ஓட்டியதாக டிக் போட்டுவிட்டேன், பிறகு மனசு கேட்காமல் ஓட்டிப் பார்த்தேன் என்று வை.

உடனே எழுதவில்லை அது. ஒரு கேள்வி கேட்டது. "இந்தப் பகுதி உண்மையில் நடந்ததா?"

ஆமா என்று அடித்தேன்.

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கட்டுரை! அவசரம், அலட்சியம், குற்ற உணர்ச்சி, திருந்துதல். படித்துவிட்டு எனக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

பிப்ரவரி 10

ஐந்துக்கு ஐந்து. "இப்பத்தான் உங்ககிட்ட வளர்ச்சி தெரியுது" என்கிறார் பிரவீன்குமார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பாவுக்கு மே 31 ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எனக்கு வேலை நிரந்தரமானால் வடலூரில் வாடகைக்கு வீடு பார்த்து மூவரும் இங்கேயே இருந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் ராஜபாளையம், சித்தப்பா வீட்டு மாடி. புருஷனை விட்டு வந்தவள் என்று என்னைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. தினமும் என் லேப்டாப் மேசையை மட்டும் துடைத்து வைக்கிறாள்.

எனக்கு அந்த மாடி வேண்டாம். செத்தாலும் வேண்டாம்.

மார்ச் 14

இந்த வாரத் தப்பு: டெவலப்பர் சொன்னதை நம்பி மறுபடி சோதிக்காமல் விட்டேன். (விடவில்லை.) போன வாரத் தப்பு: பழைய போனில் ஓட்டிப் பார்க்க மறந்தேன். (அப்பாவின் பழைய போனைப் பிடுங்கி ஓட்டிப் பார்த்து, அதற்காக அவரிடம் திட்டும் வாங்கினேன்.) இப்போதெல்லாம் ஏஐ கேட்பதற்கு முன்பே, எல்லாம் நடந்ததுதான் என்று நானே எழுதிவிடுகிறேன்.

கட்டுரையைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா என்ன அது என்று கேட்டார். தமிழில் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"யாராச்சும் தன் தப்பத் தன் கையால எழுதிக் குடுப்பாகளா?"

மைன்ஸில் விளக்கம் கேட்டு மெமோ வந்தால் யூனியன் ஆபீசுக்கு ஓடுவார்கள். அங்கே எந்த மெமோவுக்கும் ஒரே பதில்தான்: அவ்வாறு நடைபெறவில்லை. அப்பாவின் சர்வீஸ் முழுக்க அதுதான் பாடம். இது வேற உலகம்ப்பா, இங்க தப்பை ஒத்துக்கிட்டாத்தான் மதிப்பு என்றேன். அவர் குளிக்கப் போனார். அம்மாவிடம் மட்டும் ஏதோ முணுமுணுத்தார்.

மார்ச் 28, வெள்ளி

டீம் மீட்டிங்கில் என் கட்டுரையை எல்லாருக்கும் படித்துக் காட்டினார்கள். வடலூரில் வீடு பார்க்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அந்த ஆப் இந்த மாதம் ஒரு டைல்ஸ் கம்பெனிக்குப் போனது. அங்கே நைட் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. அதே தப்பு. பிப்ரவரியில் நான் பிடித்து, சரி செய்யச் சொல்லி, மறுபடி ஓட்டிப் பார்த்து மூடியது. பிறகு டெவலப்பர்கள் எதையோ மாற்றியதில் திரும்ப வந்துவிட்டது. ஆப் வெளியே போகும் முன் நடக்கும் கடைசிச் சுற்றுச் சோதனையில் அதை ஓட்டியிருந்தால் மாட்டியிருக்கும். கடைசிச் சுற்றுக்கு லிஸ்ட் போட்டது பிரவீன்குமார். நைட் ஷிப்ட் அதில் இல்லையே என்று அப்போதே கேட்டேன். பிப்ரவரியிலேயே பாஸ் ஆயிடுச்சே, நேரம் இல்லைங்க என்றார். எல்லாம் போனில், எழுத்தில் எதுவும் இல்லை.

இன்று அவர் எடுத்து நீட்டியது என் கட்டுரையை.

"உங்க பிப்ரவரி ரிசல்ட்ட நம்பித்தான் நான் லிஸ்ட்ல இருந்து எடுத்தேன். ஓட்டாமலே டிக் போட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. அப்புறம் ஓட்டினேன்னு சொல்றத மட்டும் எப்படிங்க நம்ப?"

அது சும்மா எழுதினது சார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சும்மா எழுதினது என்றால் பொய் எழுதினேன் என்று அர்த்தம். பொய் என்றால் வெளியே. பொய் இல்லை என்றால் வேலை தெரியாதவள். இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர். கட்டினது யார்? நான்தான், கல் கல்லா அடுக்கி.

ஏப்ரல் 17

ஒருவேளை நான் ஓட்டவில்லை என்று அவர் உண்மையாகவே நம்புகிறாரோ? அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

பிரவீன்குமார் இன்று தணிவாகப் பேசினார். தப்பை ஒத்துக்கொண்டு, என் அலட்சியத்தால் என்ன நடந்தது, என்ன கற்றேன் என்று முழுசாக ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டுமாம். சென்னை ஹெட் ஆபீசில் வேலை நிரந்தரத்தை முடிவு செய்கிற கமலா மேடத்திடம் பேசிப் பயிற்சியை மூன்று மாதம் நீட்டித் தருவாராம். வேலை போகாது.

வேலை போகாது. வடலூர் வீட்டுக்காரர் அட்வான்ஸுக்குக் காத்திருக்கிறார். ஒரு பக்கம் எழுதினால் போதும். இத்தனை எழுதியவளுக்கு இன்னொன்று எழுத என்ன கேடு?

ஏப்ரல் 19

எழுத உட்கார்ந்தேன். அம்மா தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தொடவில்லை.

ஏஐயிடம் தமிழில் அடித்தேன்: பிப்ரவரியில் நான் சோதனையை ஓட்டவே இல்லை, என்னால்தான் அந்த ஆட்களுக்கெல்லாம் ஆப்சென்ட் விழுந்தது என்று எழுது. அதற்கென்ன, முதல் நாள் கேட்டதையே திரும்பக் கேட்டது. "இது உண்மையில் நடந்ததா? நீங்கள் மறுபடி ஓட்டிப் பார்த்ததாக முன்பு சொல்லியிருந்தீர்கள்."

ஆமா என்பது இரண்டே எழுத்து. விரல் போகமாட்டேன் என்கிறது. நான் ஓட்டினேன்டா பாவி! ஓட்டினேன். அந்த ஒன்றைத்தான் இத்தனை மாதத்தில் பெருமையாகச் செய்தேன். அதையும் என் கையாலேயே இல்லை என்று எழுதிக் கொடுக்கவா?

அழுதேன்.  அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனாள், தோசையைச் சூடாக்கிக் கொண்டுவர.

ஏப்ரல் 21, திங்கள்

கமலா மேடத்துக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையில் உள்ள தப்புகள் எதுவுமே நடக்கவில்லை என்றேன். எல்லாமே பொய்யா என்று கேட்டார். எல்லாமே என்றேன்.

மத்தியானம் அவரே கூப்பிட்டார். பிப்ரவரியில் நான் ஓட்டியதற்கான பதிவு சர்வரில் அப்படியே இருக்கிறதாம். அதை ஏன் மேடம் முன்னாடியே யாரும் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே ஒத்துக்கிட்ட அப்புறம் யாருங்க தேடுவாங்க?"

அதற்குப் பிறகு சொன்னார். கோபமாகக்கூட இல்லை.

"செஞ்சதைச் செய்யலைன்னு எழுதியிருக்கீங்க காயத்ரி. நாளைக்குச் செய்யாததைச் செஞ்சேன்னு எழுத மாட்டீங்கன்னு நான் எதை வச்சு நம்பறது? டெஸ்டர் எழுதினதை நம்பித்தானே எல்லாரும் அடுத்த வேலைக்குப் போறாங்க."

என் வேலை இந்த மாதத்தோடு சரி.

ஏப்ரல் 22

பிரவீன்குமாருக்கும் விளக்கம் கேட்டு மெயில் போயிருக்கிறதாம். மணிமொழி சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை. "நானுந்தான எழுதிகினு இருந்தேன், உன்ன மட்டும் தூக்கிட்டாங்களே" என்றாள்.

ஏப்ரல் 30

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேசையை அம்மா இன்றும் துடைத்தாள்.

மே 31, சனி

அப்பாவை மாலை போட்டு ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார். சாமான் கட்டிய சாக்குகளுக்கு நடுவில் மாலையோடு உட்கார்ந்துகொண்டு, வடலூர் வெயிலுக்கு ராஜபாளையம் எவ்வளவோ தேவலை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்.

ஜூன் 15, ஞாயிறு. ராஜபாளையம்

ஷிப்ட் சங்கு இல்லாமல் நேரமே தெரியமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளை எப்ப வருவாரு என்று பக்கத்து வீட்டில் கேட்டாகிவிட்டது. வரமாட்டார் என்றேன். நான் ஒன்றும் செத்துப்போகவில்லை.

மதுரையில் ஒரு கம்பெனிக்கு டெஸ்டர் வேண்டுமாம். விண்ணப்பத்தில் கடைசிக் கேள்வி: வேலையில் நீங்கள் செய்த ஒரு தவறையும் அதில் கற்றதையும் எழுதுங்கள்.

சிரிப்பு வந்துவிட்டது. சித்தி கீழே இருந்து என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்.

செய்யாத தப்புகளை எழுதிக் கொடுத்த கதையை என் ஆங்கிலத்திலேயே எழுதினேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. எழுத்துப்பிழையை மட்டும் திருத்து, வேறு எதையும் தொடாதே என்று ஏஐயிடம் போனில் கொடுத்தேன். திருத்தியது. கூடவே, இப்படி எழுதினால் வேலை கிடைப்பது கஷ்டமாகலாம் என்று சொல்லிவிட்டு, இது உண்மையில் நடந்ததா என்று கேட்டது.

ஆமா என்று அடித்தேன்.