ஆவிக்கு நான் போட்ட சட்டம்

22 ஒக்டோபர் 2007, திங்கள்

விடியத்தொடக்கம் தூறல். வாடை துவங்கிவிட்டது. குசினித் தகரம் ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்தாயிற்று.

செய்ய வேண்டியவை: 17ஆம் அத்தியாயம். மாமிக்குக் கண்மருந்து. மண்ணெண்ணெய் (சங்கக்கடை, நேரத்தோடு போக வேண்டும்). சேமக்காலையில் மாமாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு, ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்.

அத்தியாயம் பாதியில் நிற்கிறது. சுவர்ணாவும் ராகுலனும் கடற்கரை வெளிச்சவீட்டின் கீழே. ராகுலன் வெளிச்சவீட்டுக் காவலாளி, செத்து நாற்பது வருஷம். ஆனால் வயது இருபத்தெட்டு, மீசை கறுப்பு. அவன் கையைப் பிடித்தால் குளிரும் என்று எழுதி எழுதி அலுத்துப்போனது. பதினாறு அத்தியாயமாகக் குளிர்கிறது அந்தக் கை. ஆவியின் கை வேறு என்னதான் செய்யும்?

பத்திரிகைக்கு நான் எழுதுகிற ஏழாவது தொடர் இது. எல்லாவற்றிலும் ஒருவர் உயிரோடு, ஒருவர் செத்துப்போய், இரண்டு பேருக்கும் காதல். முதலாவதைப் பகிடியாகத்தான் எழுதினேன். வாசகர்கள் விடவில்லை. உயிரோடிருக்கிற இரண்டு பேரை வைத்து இப்போது எழுதவும் வராது.

மதியம் சோறு, பருப்பு, முருங்கையிலை. நேவி கடலுக்குப் போக விடவில்லை என்று மீன்காரர் வரவில்லை.

24 ஒக்டோபர், புதன்

டவுணுக்குப் போய் வந்தேன். வழமையாக பஸ் கொண்டக்டரிடம் அத்தியாயத்தைக் கொடுத்துவிடுவேன். இந்தமுறை ஆ. நேரில் வரச் சொல்லித் துண்டு அனுப்பியிருந்தார். (ஆ. = ஆசிரியர். மனிதருக்குப் பெயர் இருக்கிறது, நான் ஒருநாளும் சொன்னதில்லை.)

சரவணையில் பஸ் பழுது. மண்கும்பான் தாண்டி எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டுப் பையைச் சோதித்தார்கள். சின்ன நேவிக்காரன், இருபது வயது இருக்கும். பாதி எழுதிய 17இன் தாள்களை எடுத்துப் புரட்டினான். பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியது, முன்பக்கத்தில் யாரோ பிள்ளைகளின் கணக்கு. அவனுக்கு இரண்டு பக்கமும் விளங்கவில்லை. கதை என்றேன். என்ன கதை என்று கேட்டான். பேய் என்றேன், கையால் காட்டினேன். "ஹொல்மன்?" என்று சிரித்தான். அவர்களுடைய பாஷையில் பேய்க்கு அதுதான் சொல்லாம், பக்கத்தில் நின்ற ரீச்சர் சொன்னார். கவனமாக அடுக்கித் திருப்பித் தந்தான்.

ஆ. சொன்னது: அச்சடிக்கிற பேப்பர் கப்பலில் வரவில்லை. பத்திரிகை எட்டுப் பக்கத்திலிருந்து நாலாகிறது. தொடர் 18ஆம் அத்தியாயத்தோடு முடிய வேண்டும். கடைசி அத்தியாயம் ஐந்தாம் திகதி கையில் இருக்க வேண்டும். வாசகர்கள் கலியாணம் கேட்கிறார்களாம். "சுவர்ணாவைச் சாகவிட வேண்டாம். சாகிற கதை இப்ப ஒருத்தருக்கும் வேண்டாம், விளங்குதோ?" செத்தவனுக்கும் சாகாதவளுக்கும் எந்தக் கோயிலில் கலியாணம் என்று கேட்டேன். அது உம்முடைய வேலை என்றார்.

பழைய நிபந்தனைகளையும் இன்னொருமுறை சொல்லி அனுப்பினார். கதையில் யூனிபோர்ம் போட்டவர்கள் வரக்கூடாது. இரவில் கடற்கரை வரக்கூடாது. ஆறு மணிக்குப் பிறகு ஒரு பெண் கடற்கரையில் நின்றாள் என்று எழுதினால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். பேயை நம்புவார்கள். அதனால் என் பேய்கள் எல்லாம் பின்னேரம் நாலரைக்கு, வெயிலில் வந்து போகின்றன.

கண்மருந்து வாங்கினேன். நூல்கடையைத் தாண்டித்தான் பஸ்நிலையம். இவர், மாமியின் மகன், போன வருஷம் ஆவணியில் வலைக்கு நூல் வாங்க இந்தக் கடைக்குத்தான் காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டவர். அன்று முழுக்க இவரைக் கண்டதேயில்லை என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் எங்கேயோ. சைக்கிளும் இல்லை. கேட்க வேண்டிய இடமெல்லாம் கேட்டாயிற்று.

கடைக்காரர் என்னைக் கண்டு தலையைக் குனிந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது, அது சந்தோஷம்.

26 ஒக்டோபர், வெள்ளி

17 முடிந்தது. இரண்டு பந்தி எழுத்துக் குறைந்தது, நிரப்ப ஏதாவது வேண்டும். அதனால் சுவர்ணா கேட்கிறாள்: நாற்பது வருஷம் நீங்கள் ஏன் வரவில்லை? ராகுலன் சொல்கிறான்: என் அம்மா நான் செத்ததை ஏற்கவில்லை. தான் சாகும்வரை, மகன் இருக்கிறான், இருக்கிறான் என்றே சொன்னாள். செத்தவனைச் செத்தவனென்று சொல்லி, பெயர் சொல்லிச் செபித்தால்தான் வீட்டுக்கு வர வழி திறக்கும். நீ செபித்தாய், வந்தேன்.

சரியாக இரண்டு பந்தி. எழுதும்போது மாமியை நினைக்கவில்லை. இவரையும் நினைக்கவில்லை. சத்தியமாக. இடம் நிரப்பினேன், அவ்வளவுதான்.

பின்னேரம் மாமிக்கு வாசித்தேன். கண்ணில் வெள்ளை விழுந்தபிறகு நான்தான் வாசிப்பது. முதல் தொடரிலிருந்தே மாமிக்கு வாசித்துத்தான் அனுப்புவேன். பேய்க்கதை கேட்பது பாவம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருப்பார். இன்றைக்குப் பாவம் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு பந்தியையும் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தரம் என்றார்.

பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

28 ஒக்டோபர், ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. பூசையில் பங்குச் சுவாமி அறிவித்தார்: ஆத்துமாக்கள் திருநாளில் வாசிக்க வேண்டிய பெயர்களைப் புதனுக்குள் தரவேண்டும்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து மாமி படலையைத் திறக்கும்போது சொன்னார்.

"பிள்ளை, தாஸின்ர பேரைக் குடு."

எங்கே என்று கேட்டேன், தெரிந்துகொண்டே. மரியதாஸ் என்ற இவருடைய பெயரை மாமி செபத்தில் தவிர வேறெங்கும் சொல்லிப் பல நாளாகிறது.

"செத்தவையின்ர பேரோட."

மாமி, அது நான் எழுதினது, கதை, இடம் நிரப்ப எழுதினது என்றேன். கையைப் பிடித்துச் சொன்னேன்.

"நீ எழுதினதெண்டாலும் சரியாத்தானே கிடக்கு," என்றார். "நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறான், இருக்கிறான் எண்டு சொல்லிக்கொண்டிருந்தா, அவன் என்னெண்டு வீட்ட வாறது? உன்ர கதையள் எல்லாத்திலயும் செத்தவன்தானே பிள்ளை திரும்பி வாறான். உயிரோட போனவன் ஒருத்தனும் வந்ததா நீ எழுதேல்ல."

 ஏழு தொடரையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உண்மை. ஒருத்தனும் வரவில்லை.

மத்தியானம் கோழிமுட்டை பொரித்தேன். கொஞ்சம் கருகிவிட்டது.

30 ஒக்டோபர், செவ்வாய்

சுவாமியிடம் போனேன். போக வேண்டாம் என்றும் இல்லை, போக வேண்டும் என்றும் இல்லை. கால் போனது. கோபம் வரும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. உள்ளே உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கிறது, நிறைய நாளாக.

சுவாமி புதியவர், மன்னார்ப் பக்கம். பேனையைக் கையில் எடுத்து வைத்துவிட்டு, செய்தி ஏதும் வந்ததோ என்று கேட்டார். இல்லை, மாமி கேட்கிறா என்றேன். உயிரோடிருப்பவர்களுக்கான பூசையில் வைக்கலாமே, காணாமற் போனவர்களுக்கென்று பல பேர் அப்படித்தான் தருகிறார்கள் என்றார். மாமிக்கு அது போதாது என்றேன்.

"மாமி இருக்கட்டும். நீர் என்ன நினைக்கிறீர்?"

"எனக்கு ஒண்டும் இல்லை, சுவாமி."

அவர் பேனையைத் திரும்ப எடுத்தார். பெயரை எழுதினார். எழுத்து வடிவாக இருந்தது. வெளியில் வந்த பிறகுதான் மண்ணெண்ணெய்ப் போத்தலை அங்கேயே வைத்துவிட்டு வந்தது நினைவு வந்தது. திரும்பிப் போய் எடுத்தேன்.

18க்கு ஒரு வரியும் வரவில்லை.

1 நவம்பர், வியாழன்

சேமக்காலை. ஊர் முழுக்க அங்கேதான், ஆளுக்கொரு வாளியும் தும்புத்தடியும். வெளிநாட்டுக்குப் போனவர்களின் கல்லறைகளுக்கும் யாராவது சுண்ணாம்பு பூசுகிறார்கள், அவர்கள் காசு அனுப்புவார்கள். மாமாவின் கல்லறைக்கு நான் பூசினேன். மாமி பக்கத்து வெற்றிடத்தில் புல்லுப் பிடுங்கினார். அங்கே ஒருவரும் இல்லை. இருந்தாலும் பிடுங்கினார், சின்னக் கல்லும் பொறுக்கினார். 

பக்கத்து வீட்டு றீற்றா அக்கா சுவர்ணாவுக்குக் கலியாணமோ என்று குசுகுசுத்தார். கூறைச்சீலை என்ன நிறம் என்று எழுதச் சொன்னார். சரி என்றேன்.

நாளைக்குப் பெயர் வாசித்த பிறகு நான் என்ன? சீலை நிறம் மாற்ற வேண்டுமோ, தாலியை என்ன செய்வது, மாமி சொல்லவில்லை.  அலுமாரியில் வெள்ளை என்று பார்த்தால் ஒரு சீலைதான் இருக்கிறது, அதிலும் கறை.

18: முதல் வரி எழுதி வெட்டினேன். "அன்றைக்கும் பின்னேரம் நாலரை மணி." வெட்டினேன்.

2 நவம்பர், வெள்ளி. ஆத்துமாக்கள் திருநாள்

காற்று. மெழுகுதிரி ஒன்றும் நிற்கவில்லை, தகரப் பேணிக்குள் வைத்துத்தான் கொளுத்தினார்கள்.

சுவாமி பெயர் வாசித்தார். நீண்ட வாசிப்பு. பிள்ளைகள் அழுதன, யாரோ இருமினார்கள். நடுவில் வந்தது: மரியதாஸ். முன்னுக்கு ஒரு கிழவரின் பெயர், பின்னுக்கு ஒரு கைக்குழந்தை. சனம் திரும்பிப் பார்த்தது. றீற்றா அக்கா என் கையைப் பிடித்தார். நான் சுவர்ணாவின் கூறைச்சீலையைப் பற்றி யோசித்தேன், சிவப்பா மாம்பழ மஞ்சளா என்று. அப்படி ஒரு மனம். வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

மாமி அழவில்லை. பெயர் கேட்டதும் "ஓம்" என்று மெல்லச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் சொல்கிற மாதிரி, இவருக்குப் பதிலாக.

பின்னேரம் மாமியே சமைத்தார். என்னைக் குசினிக்குள் விடவில்லை. கணவாய்க்கறி, இவருக்குப் பிடித்த மாதிரி, தேங்காய்ப்பால் குறைத்து, மிளகாய் கூட்டி. கணவாய் எங்கே வாங்கினார் என்று தெரியாது. சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடி மேசையில் வைத்தார். இரண்டு தரம் திறந்து மணந்து பார்த்தார்.

கதவுக்குக் கொண்டி போட வேண்டாம் என்றார். ஊரடங்கு நேரம் மாமி, திறந்து கிடந்தால் நேவிக்காரர் வந்து கேட்பார்கள் என்றேன். கேட்டால் சொல்லு, என்ர மகன் வாறானெண்டு என்றார்.

சும்மா சாத்தி வைத்திருக்கிறோம். மாமி கதிரையைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு இருக்கிறார், கையில் செபமாலை. நான் படுக்கப் போகிறேன். பயமும் இல்லை, ஆசையும் இல்லை. 18ஐ நாளைக்கு எழுதத்தான் வேண்டும்.

3 நவம்பர், சனி

மழை.

எழும்பி வந்தபோது மாமி கணவாயைச் சுட வைத்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தினபடியே. கண் சிவந்திருந்தது, நித்திரை இல்லை. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. போன வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தை நான் காணவில்லை.

"வரேல்லப் பிள்ளை," என்றார்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"செத்தவனெண்டு சொல்லியாச்சு. பேரும் வாசிச்சாச்சு. கதவும் திறந்து கிடந்தது. செத்திருந்தா வந்திருப்பானே." சட்டியை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவன் உயிரோடதான் இருக்கிறான்."

சுவாமியிடம் இன்றைக்கே போய்ப் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டுமாம். நவம்பர் முழுக்க ஒவ்வொரு பூசையிலும் வாசிப்பார்கள், உயிரோடிருக்கிறவனை அப்படி வாசிக்கக் கூடாதாம். பாவமாம். கணவாயை என் கோப்பையில் போட்டு, நீ சாப்பிடு, அவன் வரேக்க புதுசாச் சமைப்பம் என்றார்.

அந்தச் சட்டமே நான் இரண்டு பந்தி நிரப்பப் போட்டது என்று திரும்பவும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாய் சாப்பிட்டேன். உறைத்தது. பிறகு அழுகை வந்தது. இவர் வராத அன்றுகூட இப்படி அழவில்லை. மாமி முதுகைத் தடவிக்கொண்டே நின்றார், நான் சந்தோஷத்தில் அழுவதாக நினைத்து.

மனதில் ஒன்றும் இல்லாமல் இருந்தது எவ்வளவு சுகமாக இருந்திருக்கிறது. இனித் திரும்பவும் படலைச் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் எழும்பி, இவரோ என்று பார்க்க வேண்டும்.