இனாஸின் வாக்கியங்கள்

பிப்ரவரி 9

மம்தூஹ் என் அறைக்கே வந்தார். எங்கள் வக்கீல் அலுவலகத்தில் பங்குதாரர் ஆன பிறகு அவர் யார் அறைக்கும் போவதில்லை.

"ஷஹீரா, அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்துல முன்னணிப் பெண்கள்னு ஒரு பட்டியல் போட்டு விழா எடுக்கறாங்க. கெய்ரோவுல இருந்து உன் பேரு அடிபடுது. வால்வு வழக்கை எழுதி அனுப்பலாம்."

அது என் சக வக்கீல் இனாஸின் வழக்கு. அஸ்யூத் நகரப் பொறியாளர் விதாத் குறைந்த செலவில் செய்த ஆக்சிஜன் வால்வுக்கு ஒரு நிறுவனம் தன் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டது. இனாஸ் வருடக்கணக்கில் போராடினாள். கடைசி விசாரணைகளின்போது தொண்டையில் புற்று, குரலே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பாள். நான் எழுந்து நின்று உரக்கச் சொல்வேன். ஜெயித்தோம். அக்டோபரில் போய்விட்டாள்.

பிப்ரவரி 12

இன்று ஒரு ஹல்வா கம்பெனியின் வணிகக்குறி வழக்கு. வாதத்தின் நடுவே என் வாயிலிருந்து இனாஸின் வாக்கியம் வந்தது. அவளுடைய அந்த இழுவையோடு. எதிர்த்தரப்பு வக்கீல் சட்டென்று நிமிர்ந்தார் — அவருக்கும் கேட்டிருக்கிறது.

பிப்ரவரி 13

அவள் அறைதான் இப்போது எனக்கு. உள்ளே போகுமுன் கதவைத் தட்டினேன். ஏன் தட்டினேன்?

பிப்ரவரி 17

மம்தூஹ் எழுதிய விண்ணப்பத்தில் "ஷஹீரா நஸ்மி முன்னின்று வென்ற வழக்கு" என்று இருக்கிறது. இனாஸ் எங்குமே இல்லை.

"செத்தவங்க பேரை அனுப்ப முடியாதும்மா. கோர்ட்ல கேட்டது உன் குரல்தானே?"

"வார்த்தை அவளோடது, உஸ்தாஸ்."

"அட, வார்த்தைக்குப் போய் யாரு சொந்தக்காரங்க?"

சொத்துரிமை வக்கீல் பேசுகிற பேச்சா இது! சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது.

எனக்கு ஆசை இல்லை என்று இங்கேயும் பொய் எழுதவேண்டாம். இத்தனை வருடமாக எவனோ ஒருவனின் உதவியாளர் என்றுதான் என்னை நினைக்கிறார்கள். அந்த மேடையில் ஒருமுறை நிற்கவேண்டும் போலத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20

ஷூப்ராவில் இனாஸின் அம்மா வீடு. மொலொகியாக் கீரைக் குழம்பும் சோறும் வைத்தாள். சாப்பிடும்போது கேட்டாள்:

"கோர்ட்ல நீ பேசினா அவளே பேசற மாதிரி இருக்குமாமே? விதாத் சொன்னா. ஒரே ஒரு தரம் 'அம்மா'ன்னு கூப்பிடேன்டி."

கண்ணை மூடிக்கொண்டாள்.

கூப்பிட்டேன். என் குரல்தான் வந்தது. வெறும் என் குரல்.

"சாப்பிடு, ஆறிடப் போவுது" என்றாள்.

கூப்பிட்டால் வராதவள், கூப்பிடாதபோது மட்டும் ஏன் வருகிறாய் இனாஸ்? எதைக் கேட்கிறாய்?

பிப்ரவரி 22

விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். வாதம் முழுவதும் இனாஸ் ஃபஹ்மியுடையது, நான் அதை எடுத்துச் சொன்னவள். மம்தூஹிடமும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். கத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 6

பட்டியல் வந்துவிட்டது. பெய்ரூத்தில் ஒருத்தி, துனிஸில் ஒருத்தி. நான் இல்லை. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். போதுமாடி இனாஸ்? இப்ப திருப்தியா உனக்கு?

ஏப்ரல் 15

வால்வு வழக்கில் தோற்ற நிறுவனத்தின் மேல்முறையீடு விசாரணைக்கு வருகிறது. தானே வாதாடப் போவதாக மம்தூஹ் அறிவித்தார். விதாத் அஸ்யூத்திலிருந்து ரயிலேறி வந்து, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்:

"ஷஹீரா பேசட்டும். இல்லேன்னா உங்க ஆபீஸே எனக்கு வேணாம்."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனாஸ் இல்லாம பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றேன்.

மே 11

நீதிபதி கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "கீழ்க் கோர்ட்ல இந்த வாதத்தைக் கட்டினது நீங்கதானா?"

"இல்லைங்க ஐயா. வக்கீல் உஸ்தாஸா இனாஸ் ஃபஹ்மி. காலமாயிட்டாங்க."

அவர் எழுத்தரிடம் திரும்பினார். "அந்தப் பேரைப் பதிவு பண்ணுங்க." எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். மம்தூஹ் பின்வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, உஸ்தாஸா. இப்ப நீங்க சொல்லுங்க."

முதல் வாக்கியமே திக்கியது. விதாத் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

மே 25

ஜெயித்தோம். தீர்ப்பில், வக்கீல்கள் என்ற இடத்தில் இரண்டு பெண்களின் பெயர்கள். ஷூப்ராவுக்குக் கிளம்புகிறேன். இனாஸின் அம்மாவுக்குக் கண் மங்கல். நான்தான் வாசித்துக் காட்டவேண்டும்.