சேலையூரில் கடல் எந்தப் பக்கம்?

என் உசிரே, மாமா,

நல்லா இருக்கியா என்று ஆரம்பித்துத்தான் கை பழகியிருக்கிறது. செத்துப்போனவனிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்டுவிட்டேன், பதிலை நீயே வைத்துக்கொள். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன் பிக்கப் வண்டி படுத்துவிட்டது. நீ போன பிறகு என் தம்பி ஏழுமலைதான் ஓட்டினான். கோவளத்துக் கரையில் மீன் ஏற்றி, மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போவோம். நீ ஓட்டிய அதே தடம், பக்கத்து சீட்டில் அதே நான். அந்த வண்டி இல்லையென்றால் என் கதி என்னவென்று உனக்குத் தெரியும். மீன் கூடையோடு பஸ்ஸில் கால் வைத்தால் கண்டக்டர் விசில் அடித்து இறக்கிவிடுவான். ஷேர் ஆட்டோக்காரன் நம்மைப் பார்த்தாலே வேகத்தைக் கூட்டுவான்.

போன வாரம் சேலையூர் கேம்ப் ரோட்டில் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. சூடு காட்டுகிற முள் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி அடியிலேயே கிடந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப் பாஷா பாய் வந்து குனிந்து பார்த்தார்.

"சூடு பாக்குற சென்சாரு ரெண்டு இருக்கும்க்கா. ஒண்ணு அந்த முள்ளைத் தூக்கும், இன்னொண்ணு ஃபேனை ஓடவுடும். ரெண்டும் வேலை செய்யல போல. மாத்திடலாம். ஆனா இந்த இன்ஜின்ல அது எங்க கீதுன்னே தெர்ல."

எப்படித் தெரியும்? அது அந்த வண்டியின் இன்ஜினா என்ன? பழசு போனதும், எங்கேயோ உடைத்த வேறு வண்டியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, குழாயை வளைத்து, ஒயரை முறுக்கி நீயேதான் உட்காரவைத்தாய். தெருவே மெச்சியது. நானும் கூடச் சேர்ந்து மெச்சினேன், என் புத்தியைச் சொல்லணும்.

ஏழுமலைக்கு மட்டும் ஒன்று ஞாபகம் வந்தது. "மச்சான் என்னாண்ட சொல்லிகீறாரு பாய். ஒண்ணு கடல் பக்கம், ஒண்ணு கரைப் பக்கம்."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வண்டியில ஏதுக்கா கடலு?"

நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. கட்டுமரத்தை விட்டு வண்டிக்கு வந்தும் உன் வாயில் இடது வலது ஏறவே இல்லை. தட்டில் குழம்பு ஊற்றினால்கூட "கரைப் பக்கமா ஊத்துடி" என்பாய். நம் வீட்டில் அது சரி, வாசலில் நின்றால் கடல் தெரியும். தாம்பரத்தைப் பார்த்து நிற்கிற வண்டிக்குச் சேலையூரில் கடல் எந்தப் பக்கம் மாமா?

"பட்ணத்துக்குப் போறப்ப கடலு சோத்துக்கைப் பக்கம்தானே வரும்?" என்றான் ஏழுமலை. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாய் வலது பக்கம் தடவித் தடவி, அகப்பட்ட ஏதோ ஒரு சென்சாரை மாற்றினார். இடது பக்கம் ஒன்றுமே சிக்கவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். முள் அடியிலேயே இருந்தது, சென்சாரை மாற்றியாச்சு, முள் அடியில் இருந்தால் சூடு இல்லை என்றுதானே நினைப்போம்? மீனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மேடவாக்கத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டு நின்றது. அங்கிருந்து கயிறு கட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தோம்.

மறுநாள் வாசல் பெருக்க வந்தவள் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். வண்டி நீ நிறுத்துகிற மாதிரியே நின்றது, மீன் ஏற்ற வசதியாகப் பின்பக்கம் கடலைப் பார்த்து. அந்த இடத்தில் வைத்துத்தானே நீ இன்ஜினை மாற்றினாய்? அப்படியென்றால் கடல் பக்கம் இடதும் இல்லை, வலதும் இல்லை. இன்ஜினுக்குப் பின்னால்! கரைப் பக்கம் முன்னால்! அடப்பாவி மனுஷா, இதை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

பாய்க்குப் போன் போட்டேன். வந்து இன்ஜினுக்குப் பின்னால் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, "கீதுக்கா!" என்று கத்தினார். ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ரேடியேட்டர் குழாய்க்கு அடியில் மற்றது, பச்சையாகக் களிம்பு ஏறி. இரண்டையும் புதிதாகப் போட்டார். நான் கற்பூரம் ஏற்றிக் காட்டினேன். ஏழுமலை சாவியைத் திருப்பினான்.

திக்கித் திணறிக் கிளம்பியது. முள் அசைந்தது மாமா! நான் கைதட்டினேன். நடுவுக்கு வந்தது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை, நேராகச் சிவப்புக்குப் போனது. ஃபேன் சுற்று சுற்றென்று சுற்றியும் ஒன்றும் ஆகவில்லை.

"ஆஃப் பண்றா!" என்று பாய் கத்தினார். ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். பால் டீ மாதிரி இருந்தது. "ஆயில்ல தண்ணி கலந்துட்ச்சுக்கா. இன்ஜின் ஹெட்டு வெடிச்சிகீது. அந்த மேடவாக்கத்துலயே வெடிச்சிருக்கும்."

"அதான் சென்சாரு கெடச்சிட்ச்சே பாய்?"

"அது இன்னாக்கா பண்ணும்? சூடு ஏறுதுன்னு சொல்லும். அவ்ளோதான்."

ஆஸ்பத்திரியில் உன் மார்பெல்லாம் ஒயர் ஒட்டி, டிவி மாதிரி ஒன்றில் கோடு ஓடுவதைக் காட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதைத் தவிர நான் என்ன செய்தேன், என்னால் என்ன செய்ய முடிந்தது?

இன்னொரு இன்ஜின் போட எனக்கு வக்கில்லை. பழைய இரும்புக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். நாளைக்கு எடுத்துக்கொண்டு போகிறானாம். அதற்குப் பிறகு நான் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பேன்? சிறுசேரிக்குப் போகிற கம்ப்யூட்டர் ஆபீஸ் பஸ்கள் நம் ரோட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போகின்றன. கேட்டால் அவை நிற்குமா?

கயிறு கட்டி இழுக்கும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்க உள்ளே ஒரு ஆள் வேண்டுமாம். ஏழுமலை முடியாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறான். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். பிரேக் எது, எப்போது மிதிக்க வேண்டும் என்று பாய் எனக்குக் காட்டியிருக்கிறார்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது, பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று தெருமுனையிலேயே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். இதற்கு என்னை எவனும் நிறுத்த முடியாது. நான்தான் உட்காரப்போகிறேன் மாமா. கடைசி வரைக்கும் கூடப் போவேன், சத்தியம்.

உன் மாமன் மகள்,
அஞ்சலை